மின்னஞ்சல் மென்பொருளில் கணக்கைச் சேர்க்கும்போது உள்நுழைய முடியவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியில் தண்டர்பேர்டு, அவுட்லுக் போன்ற மென்பொருளை நிறுவிவிட்டு, முதல் படியான உள்நுழைவிலேயே நின்றுபோகிறவர்கள் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாகக் கிடைப்பதால் எடுத்துக்காட்டுகளுக்குத் தண்டர்பேர்டையே எடுத்துக்கொண்டேன். பதிப்புக்குப் பதிப்பு பொத்தான்களின் இடம் சற்று மாறலாம். சர்வர் (அஞ்சலை வாங்கி, அனுப்பித் தரும் சேவை நிறுவனத்தின் கணினி) பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்; தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடைவெளி இல்லாமல் இட வேண்டும்.

1. பிரவுசரில் இதே கடவுச்சொல்லைப் போட்டால் உடனே திறக்கிறது. தண்டர்பேர்டு மட்டும் ஏன் தவறு என்கிறது?

பெரும்பாலான நேரங்களில் கடவுச்சொல்லில் எந்தத் தவறும் இருப்பதில்லை. அதை நேரடியாகக் கொடுத்து உள்ளே வரும் வழியையே சர்வர் மூடியிருக்கிறது. முன்பெல்லாம் மென்பொருள் உங்கள் முகவரியையும் கடவுச்சொல்லையும் சர்வரிடம் அப்படியே ஒப்பிக்கும். சர்வரும் அஞ்சல்களைத் தந்துவிடும். அந்த முறையில் இருபடிச் சரிபார்ப்புக்கு (கடவுச்சொல்லுக்குப் பிறகு கைபேசிக் குறியீடு போன்ற இன்னொன்றையும் கேட்பது) இடமே கிடையாது. கடவுச்சொல் ஒருமுறை கசிந்தால் யார் வேண்டுமானாலும், எங்கிருந்து வேண்டுமானாலும் முழு அஞ்சல் பெட்டியையும் இறக்கிக்கொள்ளலாம். இதனால்தான் யாகூ 2020-இலும், கூகுள் தன் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதலும் அந்த வழியை அடைத்தன. மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரில் நிறுவனக் கணக்குகளில் தொடங்கி, ஹாட்மெயில், அவுட்லுக்.காம் உள்ளிட்ட தனிநபர் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16-இல் அடைத்தது.

சங்கடம் என்னவென்றால், வழி அடைபட்டிருக்கும்போதும் பல சர்வர்கள் ‘பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு’ என்றே பதில் சொல்கின்றன. அதை நம்பிக் கடவுச்சொல்லை மாற்றிவிடுகிறார்கள். மாற்றியதும், அதுவரை கைபேசியில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த அஞ்சலும் நின்றுபோகிறது. ஆகவே கடவுச்சொல்லைத் தொடுவதற்கு முன் அங்கீகார முறையை, அதாவது நீங்கள் யாரென்று மென்பொருள் சர்வரிடம் நிரூபிக்கும் முறையை, பாருங்கள் என்பதே நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது.

2. அங்கீகார முறை எங்கே இருக்கிறது? அங்கே எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

தண்டர்பேர்டில் ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ பக்கத்தில் உங்கள் முகவரிக்குக் கீழே ‘சர்வர் செட்டிங்ஸ்’ இருக்கும். அதில் ‘அதென்டிகேஷன் மெத்தட்’ என்ற பட்டியலைத் திறந்தால் ‘நார்மல் பாஸ்வேர்ட்’, ‘என்கிரிப்டட் பாஸ்வேர்ட்’, ‘ஓஆத்2’ முதலியவை தெரியும். ஜிமெயில், ஹாட்மெயில், அவுட்லுக்.காம், யாகூ ஆகியவற்றுக்கு ஓஆத்2-ஐத் தேர்ந்தெடுங்கள்.

ஓஆத்2 முறையில் மென்பொருள் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுச் சேமித்து வைப்பதில்லை. சேவை நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கம் ஒரு சிறு சாளரத்தில் திறக்கிறது. நீங்கள் அங்கே கடவுச்சொல்லையும் இரண்டாம் படிக் குறியீட்டையும் கொடுத்து அனுமதித்ததும், நிறுவனம் மென்பொருளுக்கு ஓர் அனுமதிக் குறியைத் தருகிறது. அதன் பிறகு அந்தக் குறியைக் காட்டித்தான் அஞ்சல் இறங்குகிறது. கணினி தொலைந்துபோனால் கடவுச்சொல்லை மாற்றாமலேயே, உங்கள் கணக்குப் பக்கத்தில் அந்த அனுமதியை மட்டும் நீக்கிவிடலாம்.

3. அந்தப் பட்டியலில் ஓஆத்2 என்ற வரியே எனக்குக் காட்டவில்லையே?

சர்வர் பெயரை வைத்துத்தான் தண்டர்பேர்டு அந்த வரியைக் காட்டுகிறது. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், தனக்குத் தெரியாத சர்வர் என்று எண்ணி அதைக் காட்டாமல் விட்டுவிடும். ஜிமெயிலுக்கு உள்வரும் சர்வர் ஐமேப்.ஜிமெயில்.காம், போர்ட் எண் (சர்வருக்குள் நுழையும் வாசலின் எண்) 993, பாதுகாப்பு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை). வெளிச்செல்லும் சர்வர் எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்-டிஎல்எஸ். போர்ட்டும் பாதுகாப்பு வகையும் ஜோடி மாறினால் உள்நுழைவுக்கே போகாமல் இணைப்பு முறிந்துவிடும்.

பெயர் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் மென்பொருளின் பதிப்பு மிகப் பழையதாக இருக்கும். அவுட்லுக் 2010, 2013 போன்றவற்றில் ஜிமெயிலுக்கு இந்த வசதி கிடையாது. அவற்றில் 6-ஆம் கேள்வியில் சொல்லும் செயலிக் கடவுச்சொல்தான் வழி.

4. கூகுள் அமைப்பில் ‘லெஸ் செக்யூர் ஆப்ஸ்’ என்பதை ஆன் செய்யச் சொல்லி வீடியோவில் பார்த்தேன். அது எங்கே?

கடவுச்சொல்லை நேரடியாகக் கொடுக்கும் பழைய மென்பொருளை உள்ளே விடும் தேர்வு அது; இப்போது இல்லை. 1-ஆம் கேள்வியில் சொன்ன 2022 மே மாத மாற்றத்தோடு தனிநபர் கணக்குகளிலிருந்து அது நீக்கப்பட்டது. பழைய வீடியோக்கள் மட்டும் இணையத்தில் மிஞ்சியிருக்கின்றன. அதேபோல ஜிமெயில் அமைப்பில் ‘ஐமேப்பை இயக்கு’ என்ற தேர்வையும் தேட வேண்டாம். (அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு மென்பொருளில் படிக்கும் முறைதான் ஐமேப்.) 2025 ஜனவரி முதல் தனிநபர் ஜிமெயிலில் ஐமேப் எப்போதும் இயங்கும் நிலையிலேயே இருக்கிறது.

5. ஓஆத்2 வைத்தேன். கூகுள் சாளரம் வெள்ளையாகவே நிற்கிறது, அல்லது குக்கி இல்லை என்கிறது. என்ன செய்வது?

அந்தச் சாளரம் தண்டர்பேர்டுக்குள்ளேயே இயங்கும் ஒரு சிறு பிரவுசர். உங்கள் குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ குக்கி (தளங்கள் கணினியில் சேமித்து வைக்கும் சிறு குறிப்பு) அனுமதிக்கப்பட்டிருப்பது அதற்குப் பொருந்தாது. தண்டர்பேர்டின் ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதியில் தளங்களிலிருந்து குக்கியை ஏற்கும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தனியுரிமைக்காக அந்த டிக்கை முன்பு எடுத்துவிட்டு மறந்துபோனவர்கள் நிறையப் பேர். ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தி வைத்திருந்தாலும் இதே வெள்ளைச் சாளரம்தான் வரும்.

6. செயலிக் கடவுச்சொல் என்பது என்ன? யாருக்கு அது தேவை?

ஓஆத்2 தெரியாத மென்பொருளுக்காகச் சேவை நிறுவனம் உருவாக்கித் தரும் தனிக் கடவுச்சொல் அது. கூகுளில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கிய பிறகே அதைப் பெற முடியும். நான்கு நான்காகப் பிரித்துக் காட்டப்படும் 16 எழுத்துகள் திரையில் ஒருமுறை மட்டுமே தெரியும். இடைவெளிகளை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் தொடர்ச்சியாக இடுங்கள். ஐகிளவுட் அஞ்சலைப் பிற நிறுவனங்களின் மென்பொருளில் சேர்க்கவும் பொதுவாக இதைத்தான் கேட்பார்கள். யாகூவிலும் பெறலாம். ஹாட்மெயில், அவுட்லுக்.காம் கணக்குகளுக்கு மட்டும் இது இப்போது பயன்படாது. அங்கே ஓஆத்2 ஒன்றே வழி.

கூகுள் கணக்கில் அந்தப் பக்கமே தெரியவில்லை என்றால், இருபடிச் சரிபார்ப்பு இயக்கப்படாமல் இருக்கலாம், அல்லது பாதுகாப்புச் சாவியை (உள்நுழைவை உறுதிசெய்யும் சிறு கருவி) மட்டும் நம்பும்படி அமைத்திருக்கலாம், அல்லது அது அலுவலகமோ பள்ளியோ நிர்வகிக்கும் கணக்காக இருக்கலாம்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். செயலிக் கடவுச்சொல் இருபடிச் சரிபார்ப்பைக் கேட்காமலேயே உள்ளே விடும். மென்பொருளை அமைத்துத் தருபவருக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது, அஞ்சல் பெட்டியை அவரிடம் முழுதாக ஒப்படைப்பதற்குச் சமம். அனுப்பியிருந்தால் இன்றே அதை நீக்கிவிட்டுப் புதியது எடுத்துக்கொள்ளுங்கள்.

7. செயலிக் கடவுச்சொல்லையும் எடுத்துவிட்டேன். அதையும் தவறு என்கிறதே?

அதை எந்தப் பெட்டியில் இட்டீர்கள் என்று நான் உடனே கேட்பேன். தண்டர்பேர்டு ஜிமெயிலுக்குத் தானாகவே ஓஆத்2-ஐ வைத்துவிடும். கூகுளின் சாளரம் திறக்கும். அங்கே போய் 16 எழுத்துகளை இடுவார்கள். அந்தச் சாளரம் கேட்பது உங்கள் வழக்கமான கூகுள் கடவுச்சொல்லை. செயலிக் கடவுச்சொல்லுக்கு அங்கே இடமில்லை. அதைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் அங்கீகார முறையை ‘நார்மல் பாஸ்வேர்ட்’ என்று மாற்றிவிட்டு, தண்டர்பேர்டு கேட்கும் சிறிய பெட்டியில் இடுங்கள். ‘நார்மல்’ என்ற பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். இணைப்பு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் ஆக இருக்கும்வரை அது மறையாக்கப்பட்டே போகிறது.

தண்டர்பேர்டில் ஓஆத்2 வேலை செய்யும்போது செயலிக் கடவுச்சொல்லுக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

8. முகவரியும் கடவுச்சொல்லும் நானே தட்டச்சு செய்கிறேன். அதில் என்ன பிழை வந்துவிடப் போகிறது?

தமிழ்99 அல்லது ஒலிபெயர்ப்பு விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும்போது கடவுச்சொல் பெட்டியில் தட்டினால், நீங்கள் காண்பது வெறும் புள்ளிகள்தான்; உள்ளே விழுவது தமிழ் எழுத்துகளாக இருக்கலாம். நோட்பேடைத் திறந்து இரண்டு எழுத்துகளைத் தட்டிப் பார்த்தால் எந்த விசைப்பலகை இயங்குகிறது என்பது உடனே தெரிந்துவிடும். நகலெடுத்து ஒட்டுபவர்களுக்கு வேறொரு தொல்லை: கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியும் சேர்ந்து வந்துவிடும். முழு முகவரியையும் பயனர் பெயராக இட்டிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். @ குறிக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் இட்டால் பெரும்பாலான சர்வர்கள் ஏற்பதில்லை.

9. அஞ்சல் வருகிறது, அனுப்ப மட்டும் முடியவில்லை. உள்நுழைந்தாகிவிட்டதுதானே?

பாதிதான் ஆகியிருக்கிறது. வாங்குவதும் அனுப்புவதும் இரண்டு தனி சர்வர்கள், இரண்டு தனி உள்நுழைவுகள். 2-ஆம் கேள்வியில் சொன்ன இடத்தில் மாற்றியது உள்வரும் சர்வருக்கு மட்டுமே. ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ பக்கத்தின் இடப்பக்கப் பட்டியலில் கடைசிவரை இறங்கினால் ‘அவுட்கோயிங் சர்வர்’ இருக்கும். அதைத் திறந்து அங்கேயும் ஓஆத்2-ஐ வையுங்கள்.

பல கணக்குகளை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அலுவலக முகவரிக்கு எந்த வெளிச்செல்லும் சர்வர் இணைக்கப்பட்டிருக்கிறது என்று திறந்து பார்த்தால், பல வேளைகளில் அது முதலில் சேர்த்த ஜிமெயிலின் சர்வராக இருக்கும்.

10. பிழைச் செய்தியில் எண்கள் வருகின்றன. அவற்றுக்குப் பொருள் உண்டா?

உண்டு. செய்தியை மூடிவிடாமல் முழுதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உதவி கேட்பவருக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை. ஜிமெயிலில் 534-உம் 5.7.9-உம் வந்தால் சர்வர் செயலிக் கடவுச்சொல்லைக் கேட்கிறது. 535-உம் 5.7.8-உம் வந்தால் கொடுத்ததை ஏற்கவில்லை. 7, 8 ஆகிய கேள்விகளைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் 5.7.139 வந்தால், பழைய முறை அடைபட்டிருக்கிறது அல்லது நிறுவனம் அந்த வழியாக அனுப்புவதை நிறுத்தி வைத்திருக்கிறது. எண்ணோடு வரும் ஆங்கில வாக்கியமே இரண்டில் எது என்று சொல்லிவிடும்.

11. ஹாட்மெயில் கணக்கில் ஓஆத்2 சாளரம் முடிந்து அனுமதியும் கொடுத்துவிட்டேன். அதன் பிறகும் இணைய மறுக்கிறது.

முதலில் பிரவுசரில் அவுட்லுக்.காம் அமைப்புக்குச் சென்று, அஞ்சலை அனுப்புதல், ஒத்திசைத்தல் தொடர்பான பகுதியில் பாப் (அஞ்சலைக் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் முறை), ஐமேப் அணுகல் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் ஒன்று. அடையாளம் சரிபார்க்கப்பட்டும் கதவு திறக்காததற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அடுத்து, ஒரே மைக்ரோசாஃப்ட் கணக்கில் பல மாற்று முகவரிகளை வைத்திருப்பவர்கள் சர்வர் அமைப்பில் பயனர் பெயராக மாற்று முகவரியை இட்டுவிட்டு, சாளரத்தில் முதன்மை முகவரியால் நுழைவார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் ‘சரிபார்க்கப்பட்டார், ஆனால் இணைக்கப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு விந்தையான செய்தி வரும். பயனர் பெயரில் முதன்மை முகவரியையே இடுங்கள்; அனுப்புநர் முகவரியை மட்டும் வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம்.

12. கல்லூரிக் கணக்கைச் சேர்த்தால் ‘நிர்வாகியின் ஒப்புதல் தேவை’ என்று வருகிறது. நானே சரிசெய்ய முடியுமா?

முடியாது. உங்கள் கல்லூரியோ அலுவலகமோ எந்த மென்பொருள் அஞ்சலைத் தொடலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் தண்டர்பேர்டு இல்லை. கணினிப் பிரிவுக்கு மென்பொருளின் பெயரையும், ஐமேப் வழியாக அஞ்சல் படிக்கவும் அனுப்பவும் அனுமதி வேண்டும் என்பதையும் எழுதிக் கேளுங்கள். அவர்கள் மறுத்தால், எல்லா அஞ்சலையும் தனிநபர் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும் குறுக்கு வழியில் இறங்காதீர்கள். மாணவர், நோயாளி, வாடிக்கையாளர் விவரங்கள் அதில் இருக்கக்கூடும்.

13. ஜோஹோ மெயில் வைத்திருக்கிறேன். இணையத்தில் கிடைத்த சர்வர் பெயரை அப்படியே போட்டும் நுழைய முடியவில்லை.

ஜோஹோவின் கணக்குகள் எந்த நாட்டுத் தரவு மையத்தில் பதிவாயினவோ அந்த மையத்தின் சர்வருக்கே போக வேண்டும். இந்தியாவில் தொடங்கிய கணக்கு பொதுவாக ஐமேப்.ஜோஹோ.இன் என்பதில் இருக்கும். வெளிநாட்டு வழிகாட்டிகளிலிருந்து ஐமேப்.ஜோஹோ.காம் என்று எடுத்து இட்டால், அந்த மையத்துக்கு உங்களைத் தெரியாது, எனவே கடவுச்சொல் தவறு என்றே சொல்லும். பிரவுசரில் உள்நுழைந்ததும் முகவரிப் பட்டியில் இன் என்று முடிகிறதா, காம் என்று முடிகிறதா என்று பார்த்தால் போதும். சொந்த டொமைனில் (நிறுவனத்தின் சொந்த இணையப் பெயரில்) இயங்கும் நிறுவனக் கணக்குகளுக்கு முன்னொட்டு ஐமேப்புரோ என்று இருக்கும்.

அமைப்பில் ஐமேப்பை இயக்க வேண்டும். இருபடிச் சரிபார்ப்பு இருந்தால் அங்கேயும் செயலிக் கடவுச்சொல் வேண்டும். இலவசத் திட்டத்தில் ஐமேப் கிடையாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் எத்தனை முறை முயன்றாலும் பயனில்லை.

14. எங்கள் கடையின் சொந்த டொமைன் முகவரி. மொபைல் டேட்டாவில் நுழைகிறது, கடை வைஃபையில் நுழையவில்லை.

இந்த அறிகுறியை நீங்களே கண்டுபிடித்திருப்பது பாதி வேலையை முடித்துவிட்டது. கணக்கும் கடவுச்சொல்லும் அமைப்பும் சரி; இணைப்பில்தான் தடை. ஹோஸ்டிங் சர்வர்கள் (உங்கள் டொமைனின் அஞ்சலை இயக்கித் தரும் நிறுவனத்தின் சர்வர்கள்), ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தவறான முயற்சிகள் அடுத்தடுத்து வந்தால் அந்த முகவரியையே சிறிது காலம் தடுத்துவிடும். கடையில் யாரோ ஒருவரின் பழைய கணினி, மாற்றப்படுவதற்கு முந்தைய கடவுச்சொல்லோடு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டிருக்கும். அதன் பலனை வைஃபையில் இருக்கும் எல்லோரும் அனுபவிப்பார்கள். முதலில் அந்தக் கணினியைத் திருத்துங்கள், பிறகு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் தடையை நீக்கச் சொல்லுங்கள். வரிசை மாறினால் தடை திரும்பவும் விழும்.

அலுவலக, விடுதி வலைப்பின்னல்கள் சில 993, 465, 587 ஆகிய போர்ட்டுகளையே அடைத்திருப்பதும் உண்டு. அப்போது எல்லா நிறுவனக் கணக்குகளும் ஒன்றாக நிற்கும், அதுவே அடையாளம்.

15. சான்றிதழ் நம்பத்தக்கதல்ல என்று எச்சரிக்கை வருகிறது. ‘விதிவிலக்கு அளி’ என்பதை அழுத்திவிடலாமா?

சான்றிதழ் என்பது சர்வர் தன்னை யாரென்று காட்டும் மின்னணு அடையாளம். ஜிமெயில், மைக்ரோசாஃப்ட், யாகூ போன்றவற்றுக்கு ஒருபோதும் அழுத்தாதீர்கள். முதலில் கணினியின் வலது கீழ் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்துபோன பழைய மேசைக் கணினி, மின்சாரம் போய் வந்ததும் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அந்தத் தேதிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தி, மின்கலத்தை மாற்றினால் எச்சரிக்கை மறைந்துவிடும்.

தேதி சரியாக இருந்தால் சான்றிதழை வழங்கியவர் பெயரைப் படியுங்கள். உங்கள் ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்த மென்பொருள் அஞ்சலைச் சோதிப்பதற்காக நடுவில் புகுந்து தன் சான்றிதழைக் காட்டுகிறது. ஆன்டிவைரஸை முழுவதும் நிறுத்தத் தேவையில்லை. மறையாக்கப்பட்ட அஞ்சல் இணைப்பைச் சோதிக்கும் ஒரு தேர்வை மட்டும் எடுத்துவிடுங்கள். பெயர் முற்றிலும் அறிமுகமற்றதாக இருந்தால், குறிப்பாகப் பொது வைஃபையில் இருக்கும்போது, அந்த இணைப்பில் அஞ்சலைத் திறக்காமல் விலகிவிடுவதே நல்லது. சொந்த டொமைனில் மட்டும், சான்றிதழ் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் எச்சரிக்கை வரக்கூடும். அங்கேயும் விதிவிலக்கு அளிக்காமல், ஹோஸ்டிங் நிறுவனம் தரும் சர்வர் பெயரை இடுவதே சரி.

16. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கடவுச்சொல் கேட்கிறது. ஜிமெயில் கடவுச்சொல்லைப் போட்டால் ஏற்கவில்லை.

கேட்கும் பெட்டியை நிதானமாகப் படியுங்கள். அதில் ‘பிரைமரி பாஸ்வேர்ட்’ என்று இருந்தால், கேட்பது கூகுள் அல்ல, தண்டர்பேர்டு. சேமித்த கடவுச்சொற்களையும் அனுமதிக் குறிகளையும் பூட்டி வைக்க நீங்களோ கணினியை அமைத்தவரோ வைத்த சொல் அது. பலர் கையாளும் கணினியில் அதை வைத்திருப்பது மிகவும் நல்லது.

17. நேற்றுவரை வந்துகொண்டிருந்தது. இன்று திடீரென்று உள்நுழையச் சொல்கிறது, சொன்னபடி நுழைந்தாலும் நிற்கவில்லை.

கடவுச்சொல்லைச் சமீபத்தில் மாற்றினீர்களா? கூகுள் கடவுச்சொல்லை மாற்றினால் அஞ்சலுக்கான பழைய அனுமதிக் குறிகளும், எடுத்துவைத்த செயலிக் கடவுச்சொற்களும் செல்லாமல் போகின்றன. ஆறு மாதம் தொடாத மென்பொருளின் குறியும் காலாவதியாகும். ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதியில் ‘சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்’ பட்டியலைத் திறந்து, அந்தக் கணக்குக்குரிய வரிகளை, குறிப்பாக ஓஆத் என்று தொடங்கும் வரியை நீக்குங்கள். தண்டர்பேர்டை மூடித் திறந்தால் சாளரம் புதிதாக வரும்.

இரண்டாம் படிக் குறியீடு பழைய இந்திய எண்ணுக்குப் போய், அந்த சிம் இப்போது இயங்காத நிலையில் வெளிநாட்டில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. கூகுள் தரும் 8 இலக்கக் காப்புக் குறியீடுகளை, அவை தேவைப்படுவதற்கு முன்பே அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

18. எதுவும் சரிவரவில்லை. கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்துவிடட்டுமா?

அதற்கு முன் ‘சர்வர் செட்டிங்ஸ்’ பக்கத்தின் தலைப்பில் சர்வர் வகை ஐமேப்பா, பாப்பா என்று பாருங்கள். ஐமேப் என்றால் அஞ்சல்கள் சர்வரில் இருக்கின்றன. நீக்கிச் சேர்த்தால் திரும்ப இறங்கிவிடும். ஆனாலும் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதிக்கு நீங்கள் நகர்த்திவைத்தவை சர்வரில் இருக்காது. அவை கணினியில் மட்டுமே இருக்கின்றன.

பாப் என்றால் நிறுத்துங்கள். பல ஆண்டு அஞ்சல் இந்த ஒரு கணினியில் மட்டுமே இருக்கக்கூடும். கணக்கை நீக்கும்போது ‘மெசேஜ் டேட்டா’வையும் சேர்த்து நீக்கும் பெட்டியில் டிக் விழுந்தால் அது மீளாது. உதவிப் பட்டியலில் உள்ள ‘டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தில் உங்கள் புரொஃபைல் கோப்புறை எங்கே இருக்கிறது என்று காட்டும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்தக் கோப்புறை முழுவதையும் பென்டிரைவிலோ வெளி வன்தட்டிலோ நகலெடுங்கள். நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகு கணக்கை நீக்குங்கள்.